ராய்மோவின் நாற்பத்தொரு டிக்கெட்டுகள்

எனக்குக் கம்ப்யூட்டர் விளையாட்டு எதுவும் ஆடத் தெரியாது. ஏழு வருடமாக விளையாட்டு விற்கிற கடைக்காகப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன், ஒரு நாளும் ஆடிப் பார்க்கத் தோன்றவில்லை. செருப்புக் கடையில் வேலை பார்க்கிறவர்கள் எல்லாரும் ஓடிக்கொண்டா இருக்கிறார்கள்.

சரண்யாதேவி மேடம், நடந்ததை ஆரம்பத்திலிருந்து என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். தமிழில் எழுதலாமா என்று கேட்டேன். சரி என்றீர்கள். நன்றி. நாள் முழுக்க இங்கிலீஷில் வருத்தப்பட்டுக்கொண்டே இருப்பவளுக்குத் தமிழில் எழுதுவது கால் நீட்டி உட்கார்வது மாதிரி இருக்கிறது.

நீங்கள் சென்னையிலிருந்து எங்கள் வருடாந்திர மதிப்பீட்டுக்காக வந்தவர். பசுமலையில் இந்த நாலாவது மாடியில் என்ன வேலை நடக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எங்கள் மேனேஜர் பீமாராவ் சாருக்குத் தெரியும். ஆனாலும் எழுதிவிடுகிறேன். பிறகு விட்டுவிட்டேன் என்று சொல்லக்கூடாது.

கடை ஐரோப்பாவில் இருக்கிறது. கடை என்றால் கதவு, கல்லா எல்லாம் கிடையாது. பணம் கட்டினால் ஈமெயிலில் ஒரு நீளமான எண் வரும். அதைத் தட்டினால் விளையாட்டு திறக்கும். அறுபது நாடுகளில் வாங்குகிறார்கள். அவர்களுக்கு ஒரு குறை வந்தால் கடைக்கு எழுதுவார்கள். அது எங்கள் மேசையில் வந்து விழும். ஒவ்வொரு குறைக்கும் டிக்கெட் என்று பெயர். எழுதுகிறவர்களுக்கு நாங்கள் மதுரையில் இருப்பது தெரியாது. எனக்குப் பெற்றோர் வைத்த பெயர் தமிழ்வாணி. கம்பெனி வைத்த பெயர் நோரா. பக்கத்து நாற்காலியில் இருந்த பாண்டிமீனாவுக்கு க்ளாரா. வாடிப்பட்டியிலிருந்து வருகிற ஒருவர் ஸ்டீபன். ஸ்டீபனுடைய இரண்டாவது பிள்ளைக்குப் போன மாதம்தான் காதுகுத்து விசேஷம் முடிந்தது.

டெக்சாஸில் ஒருவர், படத்தில் வாள் நீலமாக இருந்தது, வாங்கிப் பார்த்தால் கருநீலமாக இருக்கிறது என்று மூன்று பக்கம் எழுதினார். அவருடைய வேதனையை நான் புரிந்துகொண்டேன். பிரேசிலில் ஒருவர் விலை குறைவு என்று துருக்கிக்கான பிரதியை வாங்கிவிட்டு, அது ஏன் பிரேசிலில் திறக்கவில்லை என்று கேட்டார். அவருடைய வேதனையையும் புரிந்துகொண்டேன். ஒரு நாளைக்கு அறுபது பேருடைய வேதனையைப் புரிந்துகொள்வது எங்கள் இலக்கு. எழுபது பேரைப் புரிந்துகொண்டால் மாதக் கடைசியில் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டுவார்கள்.

டிக்கெட்டை மூடியதும் வாடிக்கையாளருக்கு ஒரு படிவம் தானாகப் போகும். ஐந்து நட்சத்திரத்தில் எத்தனை என்று அவர் குத்த வேண்டும். அந்த நட்சத்திரங்கள்தான் நாங்கள். மற்றபடி நாங்கள் யார் என்று யாருக்கும் அக்கறை இல்லை. என் சராசரி நான்கு புள்ளி ஒன்பது. இந்த மாடியில் அதற்கு மேல் யாரும் போனதில்லை. அதனால்தான் என்னை டீம் லீட் ஆக்கினார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அனுதாபப் பயிற்சி நடத்துவதும் நான்தான். கம்பெனியில் பதினான்கு அனுதாப வாக்கியங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்பது நான் எழுதியவை.

ராய்மோ முதல் முறை எழுதியது போன வருடம் ஆவணியில்.

பின்லாந்தில் ஒரு ஏரிக்கரையில் இருக்கிறார். சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி பிரிந்து போய்ப் பல வருடம் ஆகிறது. எலியாஸ் ஒரே மகன், இருபத்து மூன்று வயது. அதற்கு முந்தைய வருடம் கார்த்திகையில், ஏரி உறைய ஆரம்பித்த நேரத்தில், பனிமேல் ஓட்டும் வண்டியில் ஏரியைக் கடக்கும்போது பனி உடைந்து உள்ளே போய்விட்டான். அவனோடு அவன் போனும் போய்விட்டது. அவன் எங்கள் கடையில் ஒரு விளையாட்டு வைத்திருந்தான். அதில் ஒரு தீவு கட்டி, படகுத்துறை கட்டி, வீடு கட்டி, வீட்டு வாசலில் ஒரு தபால் பெட்டி வைத்திருந்தான். அந்தப் பெட்டியில் குரலைப் பதிந்து போட்டு வைக்கலாம். கூட ஆடுகிறவர்களுக்காக இருநூற்றுப் பன்னிரண்டு முறை பேசிப் போட்டிருக்கிறான்.

ராய்மோவிடம் மகனுடைய குரல் வேறெங்கும் இல்லை. எல்லாம் போனில் இருந்தது. அந்த அக்கவுண்டைத் தன் பெயருக்கு மாற்றித் தர முடியுமா என்று கேட்டார். விளையாட்டை வாங்கிக் கொடுத்தது அவர்தான். ரசீதும் இணைத்திருந்தார். மொத்தம் நான்கு வரி.

முடியும், மேடம். ரசீது, கார்டின் கடைசி நான்கு எண், இறப்புச் சான்றிதழ், இவை இருந்தால் மாற்றிவிடலாம் என்று கடையின் விதியிலேயே இருக்கிறது. இருபது நிமிட வேலை.

நான் சான்றிதழ் கேட்டேன். கூடவே, வழக்கமாக எழுதுகிற மாதிரி, நடந்ததைச் சொல்ல முடியுமா, உங்களுக்கு உதவ அது பயன்படும் என்று ஒரு வரி சேர்த்தேன். டிக்கெட்டை மூடினேன். ஒரு ஆவணம் கேட்டுவிட்டு மூடிவிடலாம், வாடிக்கையாளர் அனுப்பினால் அது புது டிக்கெட்டாகத் திறக்கும். எல்லாரும் செய்வதுதான், பீமாராவ் சாரைக் கேளுங்கள். அன்று சாயங்காலமே ஐந்து நட்சத்திரம் வந்தது. கீழே ஒரு குறிப்பு: "ஒன்பது மாதத்தில் எப்படி நடந்தது என்று என்னிடம் கேட்ட முதல் ஆள் நோரா."

அந்த ஊரில் யாரும் கேட்கமாட்டார்களாம். பக்கத்து வீட்டுக்காரர் தூரத்திலிருந்து தலையசைத்துவிட்டுப் போய்விடுவாராம். மரியாதையாம்.

எங்கள் ஊர் உசிலம்பட்டிக்கு மேற்கே. அங்கே கேதம் கேட்கப் போகிறவர்கள் சும்மா உட்கார்ந்துவிட்டு வர முடியாது. சாவு வீட்டுக்காரரிடம் "எப்படி ஆச்சு?" என்று கேட்க வேண்டும். தெரிந்திருந்தாலும் கேட்க வேண்டும். அவர் காலையில் எழுந்ததிலிருந்து, கஞ்சி குடித்தது, நெஞ்சு கரிக்கிறது என்றது, ஆட்டோ வராமல் போனது என்று ஒன்று விடாமல் சொல்ல வேண்டும். அடுத்த டவுன் பஸ்ஸில் நான்கு பேர் வந்து இறங்குவார்கள். மறுபடி கஞ்சியிலிருந்து. பதினாறாம் நாள் வரைக்கும் இப்படி. சொல்லிச் சொல்லியே துக்கம் தேய்ந்துவிடும் என்பார்கள். பதினாறோடு நிறுத்திவிடுவதுதான் எங்கள் வழக்கத்தில் இருக்கிற ஒரே குறை என்று எனக்குத் தோன்றும்.

என் அம்மா இறந்தபோது எல்லாரும் அண்ணனிடம்தான் கேட்டார்கள். அண்ணன் அன்றைக்குத் திருப்பூரில் இருந்தான். பக்கத்தில் இருந்தவள் நான். ஆனால் ஆண்பிள்ளை இருக்கும்போது பெண்ணிடம் கேட்பது முறையில்லை. அவன் எனக்கு நடந்ததைத் தனக்கு நடந்தது போலச் சொல்லிக்கொண்டிருந்தான். நான் காபி கொடுத்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு இடத்தில் தப்பாகச் சொன்னான். நான் திருத்தவில்லை.

சான்றிதழ் வந்தது. இங்கிலீஷ் மொழிபெயர்ப்புக் கேட்டேன், மூடினேன். ஐந்து நட்சத்திரம். மொழிபெயர்ப்பு வந்தது. மொழிபெயர்த்தவருடைய முத்திரை தெளிவாக இல்லை என்றேன், மூடினேன். ஐந்து நட்சத்திரம். புது டிக்கெட் என்பதால் ஒவ்வொரு முறையும், உங்கள் பிரச்சினையை முழுமையாகப் புரிந்துகொள்ள முதலிலிருந்து ஒருமுறை சொல்லுங்கள் என்று கேட்பேன். அவர் சொல்வார். அலுத்துக்கொண்டதே இல்லை.

முதல் முறை நான்கு வரி. ஐந்தாவது முறை ஒரு பக்கம். ஒன்பதாவது முறையில், அன்று காலை எலியாஸ் பிளாஸ்கில் காபி ஊற்றி மூடியைச் சரியாகத் திருகாமல் வைத்துவிட்டுப் போனான், மேசையில் வட்டமாகக் கறை இருந்தது, இதுவரை துடைக்கவில்லை என்றார். பன்னிரண்டாவதில் பனி உடைகிற சத்தம். பெரிய துணியைக் கிழிக்கிற மாதிரி இருந்ததாம். ஒவ்வொரு முறையும் ஒன்று புதிதாக வந்தது. ஒரு மனிதர் நமக்காக நினைவுபடுத்திப் பார்க்கிறார் என்பதை நேரில் அனுபவித்தால்தான் தெரியும், மேடம்.

அவர் என்னைப் பற்றியும் கேட்டார். நீங்கள் இருக்கிற இடத்தில் ஏரி இருக்கிறதா என்று கேட்டார். எங்கள் ஊர்க் கண்மாயைப் பற்றி எழுதினேன். தண்ணீர் இல்லாதபோது தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் என்றேன். அதன்மேல் நடந்தால் உடையுமா என்று கேட்டார். நான் ஆனையூரில் அண்ணன் வீட்டு மாடியில் இருக்கிறேன். அந்த வீட்டில் என்னிடம் தினம் கேட்கப்படுவது மூன்று கேள்விகள்: சாப்டியா, கேட்டைப் பூட்டினியா, மோட்டாரை நிப்பாட்டினியா. கண்மாய் பற்றி என் முப்பத்தொன்பது வயதில் ஒருவர் முதல்முறையாகக் கேட்டார்.

மாசிச் சிவராத்திரிக்கு நான் லீவு. குலசாமி கோயிலுக்குப் போகாமல் இருக்க முடியாது. மூன்று நாள் கழித்து வந்து உட்கார்ந்தால் பாண்டிமீனா நாற்காலியை என் பக்கம் உருட்டிக்கொண்டு வந்தாள். என்னைவிட நான்கு வயது மூத்தவள். இரண்டு பிள்ளைகள். யாரையும் கிண்டல் செய்யாமல் அவளுக்கு டீ இறங்காது.

"ஏன்டி வாணி, இந்த ராய்மோ மனுசனை எம்புட்டு நாளா போட்டு உருட்டிக்கிட்டு இருக்க?"

"அது சிக்கலான கேஸு மீனா."

"என்னத்தச் சிக்கல். நீ இல்லாதப்ப எனக்கு வந்துச்சு. பழசெல்லாம் தொறந்து படிச்சேன். பில்லு இருக்கு, கார்டு இருக்கு, எறப்புச் சர்டிபிகேட்டு ரெண்டு பாசையில இருக்கு. ரேசன் கார்டுல பேரு நீக்கவே இம்புட்டு கேக்க மாட்டாய்ங்க. நீ சாமி கும்பிட்டு அலுத்துப்போய் வந்துருக்க, விடு, மத்தியானம் நான் முடிச்சு விட்டுர்றேன்."

"வேணாம். அது என் டிக்கெட்டு."

"டிக்கெட்டு ஒன்னோடதாவே இருந்துட்டுப் போகட்டும்டி. மகன் அவரோட மகன்ல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன். பிறகு பீமாராவ் சாருக்கு ஒரு மெயில் எழுதினேன். தனக்கு ஒதுக்கப்படாத பதினைந்து டிக்கெட்டுகளில் ஒரு வாடிக்கையாளருடைய தனிப்பட்ட ஆவணங்களை, அதிலும் இறப்புச் சான்று உட்பட, பாண்டிமீனா அனுமதியில்லாமல் திறந்து பார்த்திருக்கிறாள் என்று தேதி, நேரத்தோடு எழுதினேன். அதில் ஒரு பொய் இல்லை. ஐரோப்பாக்காரர்கள் இந்த விஷயத்தில் எவ்வளவு கண்டிப்பு என்று உங்களுக்குத் தெரியும். அடுத்த நாளே அவளுடைய அடையாள அட்டை கதவைத் திறக்கவில்லை. சார்தான் கையெழுத்துப் போட்டார். என்ன ஏது என்று விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் இன்றைக்கு நாம் மூன்று பேரும் இந்த அறையில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. குற்றமாகச் சொல்லவில்லை, சார். வரிசையில் வருகிறது, எழுதுகிறேன்.

தன் டிபன் பாக்ஸை எடுத்துப் போக வந்தபோது, "நீ நல்லா இருப்படி" என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று சென்னையிலும் தெரிந்திருக்கும். இப்போது ஆனையூரில் ஒரு பிரௌசிங் சென்டரில் மற்றவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறாள். கடந்து போகும்போது பார்ப்பேன். அங்கே யாரும் அவளுக்கு நட்சத்திரம் போடுவதில்லை. நிம்மதியாகத்தான் இருக்க வேண்டும்.

அந்த வாரமே நான் டிக்கெட் பிரிக்கிற ஏற்பாட்டை மாற்றி, ராய்மோவின் டிக்கெட்டுகள் எனக்கு மட்டும் வருகிற மாதிரி செய்துகொண்டேன். டீம் லீடுக்கு அந்த வசதி உண்டு.

இருபத்து மூன்றாவது முறை அவர் ஒன்று சொன்னார். எலியாஸ் வண்டியைக் கிளப்புவதற்கு முன்னால், "அப்பா, பனி தாங்குமா?" என்று கேட்டானாம். இவர் கரையில் நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தாங்கும், போ" என்றாராம். நாற்பது வருடம் பனியோடு வேலை பார்த்தவர். அவர் சொன்னால் அந்த ஊரில் யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள். இதைப் போலீஸில் சொல்லவில்லை. பிரிந்துபோன மனைவியிடம் சொல்லவில்லை. பாதிரியாரிடம் சொல்லவில்லை. "என் மகனை நான்தான் அனுப்பினேன், நோரா" என்று எழுதியிருந்தார். அவனுடைய குரலைக் கேட்டால் அதில் தன்மேல் கோபம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அதற்காகத்தான் அந்த அக்கவுண்டைக் கேட்கிறேன் என்றும் எழுதியிருந்தார். இறந்தவனுக்கு எப்படிக் கோபம் இருக்கும் என்று நீங்கள் கேட்கலாம். அவரும் கேட்டுக்கொண்டார். ஆனாலும் பார்க்க வேண்டுமாம்.

அந்த மெயிலை நான் மூன்று தரம் படித்தேன். பதினான்கு வாக்கியங்களில் எதுவும் பொருந்தவில்லை. புதிதாக ஒன்று எழுதினேன். "நீங்கள் இதை என்னிடம் சொன்னதற்கு நன்றி. எந்தக் கரையில் நின்றீர்கள் என்று சொல்ல முடியுமா?" அது இப்போது பதினைந்தாவது வாக்கியமாக, கரையை மட்டும் எடுத்துவிட்டு, பயிற்சியில் இருக்கிறது.

ஐந்து நட்சத்திரம்.

அதற்குப் பிறகுதான் அக்கவுண்டைத் திறந்து பார்த்தேன். எங்களால் பார்க்க முடியும். பார்ப்பது உள்நுழைவதாகக் கணக்காகாது. அந்தத் தீவு நன்றாகத்தான் இருந்தது. படகுத்துறையில் ஒரு பலகை மட்டும் மாட்டாமல் கிடந்தது. தபால் பெட்டியில் இருநூற்றுப் பன்னிரண்டையும் கேட்டேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தினம் பத்து, பன்னிரண்டு என்று. அவர்கள் மொழி எனக்குப் புரியாது. மொழிபெயர்க்கிற ஆப்பில் போட்டுக் கேட்டேன். பெரும்பாலும் மரம் வேண்டும், ஆணி வேண்டும் என்றுதான் இருந்தது. கடைசி ஒன்று அன்று காலை ஒன்பது நாற்பதுக்குப் போனிலிருந்து பதிந்தது. இருபத்திரண்டு விநாடி. யாருக்கும் அனுப்பாமல் பெட்டியிலேயே கிடந்தது. தன் கூட்டாளிக்குச் சொல்கிறான்:

"துளை போட்டுப் பார்த்துட்டேன். நடுவுல மூணு விரல் கனம்தான் இருக்கு. அப்பா கரையில நின்னு பார்த்துட்டுத் தாங்கும்னு சொல்றார். தாங்காதுன்னு எனக்குத் தெரியும். வேகமாப் போனாக் கடந்துடலாம். அப்பாகிட்ட சொல்லிடாதே, வண்டிச் சாவியப் பிடுங்கிக்குவார்."

முடிவில் சிரிக்கிறான்.

ஆமாம், மேடம். அவர் அனுப்பிப் போகவில்லை. தெரிந்தே அவனாகத்தான் போனான். கோபம் ஒரு துளி இல்லை. அந்த இருபத்திரண்டு விநாடியைக் கேட்டிருந்தால் அந்த மனிதர் அன்றைக்கே எழுந்து மேசையைத் துடைத்திருப்பார். துடைத்துவிட்டு எனக்கு ஒரு நன்றி எழுதியிருப்பார். அதற்கப்புறம் எதற்கு எழுதப்போகிறார். வாள் கருநீலமாக இருக்கிறது என்றா.

நான் யோசிக்காமல் செய்ததாக நினைக்காதீர்கள். ஒரு வாரம் யோசித்தேன். ஒரு பாரத்தைத் திடீரென்று இறக்கினால் சுமந்தவர் நிலைதடுமாறி விழுந்துவிடுவார். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்க வேண்டும். அவர் இன்னும் முழுதாகச் சொல்லி முடிக்கவில்லை. முப்பதாவது முறையில்கூடக் கையுறை பற்றிப் புதிதாக ஒன்று சொன்னார். முடிக்காதவரிடம் விடையை நீட்டுவது அவசரக்குடுக்கைத்தனம் என்று முடிவு செய்தேன். அதே முப்பதாவதில்தான் நான் மதுரையில் இருக்கிறேன், பசுமலையில் இன்ன கம்பெனி என்றும் சொன்னேன். அது விதிமீறல். இதையும் குற்றப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வருடம் யாரும் உள்ளே நுழையாத அக்கவுண்டைக் கடை அழித்துவிடும். இது விதிகளில் ஒன்பதாவது பக்கத்தில் இருக்கிறது. ராய்மோ ஒன்பதாவது பக்கம் வரை படிக்கவில்லை. யாரும் படிப்பதில்லை. என்னிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நான் அவரிடம் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை, நாற்பத்தொரு டிக்கெட்டையும் படித்துப் பாருங்கள். கெடு நெருங்குகிறது என்று எனக்கு வாரம் ஒருமுறை எச்சரிக்கை வரும். வந்தது. அந்தச் சமயத்தில் நான் அவரிடம் சான்றிதழின் பின்பக்கத்தை ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தேன். பின்பக்கம் வெறும் வெள்ளைத் தாள். அதையும் அனுப்பினார்.

இந்தக் கார்த்திகையில் அழிந்தது. அன்றைக்கு அதைச் சொல்லி அவருக்கு எழுதிய மெயில்தான் நான் எழுதியதிலேயே நல்லது. அதை வேறு யாருக்கும் பயன்படுத்தக்கூடாது என்று பயிற்சியில் சேர்க்கவில்லை. நான்கு நாள் பதில் இல்லை. நான் சரியாகச் சாப்பிடவில்லை. ஐந்தாம் நாள் எழுதினார். இனி வீட்டில் காத்திருக்க எதுவும் இல்லை, பயணச்சீட்டு எடுத்துவிட்டேன், என் மகனைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்த ஒரு ஆள் உலகத்தில் இருக்கிறார், அவரைப் பார்த்து நன்றி சொல்ல வேண்டும் என்று.

இன்று காலை பயிற்சி வகுப்பு முடிந்து வந்தபோது கீழேயிருந்து செக்யூரிட்டி நல்லகாமன் அண்ணன் போன் செய்தார். அப்போது மணி பதினொன்று.

"தங்கச்சி, கீழ வெள்ளக்காரரு ஒருத்தரு வந்து நோராவப் பாக்கணும்னு ஒக்காந்துருக்காரு. அப்பிடி இங்க யாரும் இல்லைங்கிறேன், இருக்காகங்கிறாரு. கையில இம்புட்டு மொத்தத்துல பேப்பரு. கேஸு கீசு போட வந்துருக்காரோ?"

"இல்லண்ணே. நம்ம ஆளுதான்."

"நம்ம ஆளா? டீ குடுத்தேன், சூடா இருக்குன்னு ஊதிக்கிட்டே இருக்காரு பாவம்."

நான் முகம் கழுவப் போனேன். அதற்குள் பீமாராவ் சாருக்கு விஷயம் போய்விட்டது. முகமெல்லாம் பல்லாக வந்தார். "தமிழ்வாணி, பின்லாந்துல இருந்து ஒரு கஸ்டமர் நன்றி சொல்ல வந்திருக்காரும்மா. இதைக் கொண்டாடணும். போட்டோக்காரர் வர்ற வரைக்கும் நீ இறங்காதே" என்றார். கீழே போய் அவர் கையைக் குலுக்கி, அந்தப் பேப்பர்களைச் சுவரில் ஒட்டுவதற்காக நகல் எடுக்க வாங்கி வந்தார். நாற்பத்தொரு டிக்கெட்டையும் ராய்மோ தேதி வரிசையில் அச்செடுத்துக் கோத்து வைத்திருந்தார். சார் ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் நின்று ஒவ்வொரு தாளாக வைத்தார். ஏழாவது எட்டாவது தாளில் வேகம் குறைந்தது. பிறகு மெஷினை நிறுத்திவிட்டு நின்றபடியே படித்தார். ஏழு வருடத்தில் அவர் ஒரு டிக்கெட்டை முழுதாகப் படித்து நான் பார்த்தது அன்றுதான். அன்று என்ன, இன்றுதான்.

ஒன்றரை மணிக்கு இந்த அறைக்கு அழைத்தீர்கள். பேனாவைக் கையில் கொடுக்கும்போது நீங்கள் கேட்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது, மேடம். "அந்த அக்கவுண்டைத் திரும்பக் கொண்டுவர வழி ஏதாவது இருக்கிறதா?" என்றீர்கள். அது வரிசையில் கடைசியில் வரும் என்றேன். "அப்படியானால் வரிசையாகவே எழுதுங்கள், ஒன்றும் விட்டுப்போகக்கூடாது" என்றீர்கள். நான் சொன்னபடி கேட்கிற ஊழியர். எழுத்து சரியாக இல்லை என்று நடுவில் இரண்டு பக்கத்தைக் கிழித்துவிட்டுத் திரும்ப எழுதியதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தீர்கள். பொறுமையாக இருந்தீர்கள். நீங்கள் எங்கள் வேலைக்கு வந்திருந்தால் நன்றாகப் பிரகாசித்திருப்பீர்கள்.

வழி இருக்கிறது. இருந்தது. அழிந்த அக்கவுண்டைக் கடை முப்பது நாள் தன் கிடங்கில் வைத்திருக்கும். இதுவும் விதிகளில் இருக்கிறது, சார் அதுவரை படித்ததில்லை. அதற்குள் ஒரு டீம் லீடோ மேனேஜரோ ஒரு பக்கப் படிவம் அனுப்பினால், தீவு, படகுத்துறை, இருநூற்றுப் பன்னிரண்டு குரல், எல்லாம் அப்படியே திரும்பிவிடும். முப்பதாவது நாள் இன்று. கடையின் ஊரில் நடுப்பகல் பன்னிரண்டோடு முடிகிறது. நமக்கு அது நாலரை. கடிகாரம் உங்கள் இரண்டு பேருக்கும் பின்னால் இருக்கிறது. எனக்கு நேரே இருக்கிறது. இந்த வரியை எழுதும்போது நாலு முப்பத்தெட்டு.

அந்த இருபத்திரண்டு விநாடியில் என்ன இருந்தது என்று நீங்கள் கீழே போய் அவரிடம் சொல்லலாம். நான் தடுக்கவில்லை. ஆனால் குரல் இல்லாமல் அதை அவர் நம்பமாட்டார். ஆறுதலுக்காக இட்டுக்கட்டியது என்று நினைத்துக்கொண்டு, மரியாதையாக நன்றி சொல்லுவார். அனுதாபப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவர்கள் நாம் என்று அவருக்குத் தெரியும். நோரா சொன்னால் மட்டும்தான் நம்புவார். நோரா அவரிடம் கேட்கத்தான் போகிறாள், சொல்லப் போவதில்லை. கேட்பதற்கு இன்னும் நிறைய இருக்கிறது.

என் வாக்குமூலம் இவ்வளவுதான். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என்ன நடவடிக்கை என்றாலும் எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது என்னைக் கீழே போக விடுங்கள். அறுபத்தாறு வயதுக்காரர், பதினொரு மணியிலிருந்து அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு மனிதரை இவ்வளவு நேரம் காக்கவைப்பது எனக்குப் பிடிக்காது.